உடலின் காவலும் உள்ளத்தின் பிறழ்வும்: குன்னூர் தரும் பாடம்

பைக்காரா என்றதும் நம் நினைவுக்கு வருவன அதன் அருவியும் ஏரியும், 1932ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையமுமே. அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அதே நீலகிரியில், குன்னூரில், ஒரு மருத்துவ நிலையம் எழுந்துவிட்டது. இன்றைய மருத்துவ உலகம் ஆழ்ந்து ஆராயும் ஒரு வினாவை அந்நிலையத்தின் வரலாற்றிலிருந்தே தொடங்கலாம்: உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே உள்ளத்தைப் பிறழச் செய்யக்கூடுமா?

வெறிநாய்க்கடிக்கு லூயி பாஸ்டர் 1885இல் தடுப்பூசி கண்டார். இந்தியாவில் அதற்கான முதல் நிலையம் 1900இல் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் அமைந்தது. தென்னாட்டில் கடிபட்டோர் அத்தனை தொலைவு சென்று சேர்வது எளிதன்று. இக்குறையைப் போக்க 1907இல் தோன்றியதே குன்னூர் பாஸ்டர் நிலையம்.

கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் 1911இல் புதிய முறை ஒன்றை வகுத்தார். நோய்க்கிருமி ஏற்றப்பட்ட விலங்கின் மூளைத் திசுவைக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து ஊசி மருந்தாக்கினார். பின்னர் செம்மறியாட்டு மூளையிலிருந்து இம்மருந்து பெருமளவில் தயாரிக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் முன்னோர் அஞ்சிய மருந்து இதுவே. அது காத்த உயிர்கள் கணக்கற்றவை. ஆனால் ஊசி போட்டுக்கொண்டோருள் மிகச் சிலருக்கு, ஓரிரு வாரங்களில் கைகால் முடங்கியது. சிலருக்கு மூளை வீங்கி, அறிவு தடுமாறி, நினைவு தப்பியது.

கிருமி செத்திருக்க, நோய் எங்கிருந்து வந்தது? 1930களில் அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் ரிவர்ஸ், நோயற்ற முயலின் மூளைத் திசுவைக் குரங்குகளுக்குப் பலமுறை செலுத்தினார். கிருமி ஏதுமின்றியே அவற்றின் மூளையில் அழற்சி தோன்றியது. விலங்கின் நரம்புறையை அயற்பொருளெனக் கண்டு எழுந்த எதிர்ப்பாற்றல், அதனை ஒத்திருந்த சொந்த நரம்புறையையும் தாக்கியது. காவலன் வீட்டுக்காரனையே கள்வனெனக் கொண்ட கதை இது. இந்தியாவில் மூளைத் திசு மருந்தின் தயாரிப்பு 2004ஆம் ஆண்டின் இறுதியில் நின்றது. மூளைத் திசு கலவாத உயிரணு வளர்ப்புத் தடுப்பூசியே இன்று வழங்கப்படுகிறது. குன்னூர் நிலையமும் அம்முறைக்கு மாறியது.

எதிர்ப்பாற்றல் மூளையைத் தாக்கும் என்பது இவ்வாறு தெளிவாயிற்று. அது உள்ளத்தையும் தாக்குமா என்பதற்கு 2007இல் ஒரு விடை கிடைத்தது. ஜோசப் டால்மாவ் குழுவினர், பெரும்பாலும் இளம்பெண்களிடம் தோன்றிய ஒரு நோயை விளக்கினர். இல்லாத குரல் கேட்டல், காரணமற்ற ஐயம், வெறி ஆகியவற்றோடு அது தொடங்கும். பின்னர் வலிப்பும் மயக்கமும் தொடரும். மூளை உயிரணுக்களின் மேலுள்ள என்.எம்.டி.ஏ. என்னும் ஏற்பியை உடலின் எதிர்ப்பொருள்கள் தாக்குவதே காரணம். 577 நோயாளரை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் சிகிச்சை முதலியவற்றால் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் நன்கு தேறினர்.

இதனால் மனப்பிறழ்வு அனைத்தும் எதிர்ப்பாற்றலின் கோளாறே என்று முடிவு கட்டிவிடலாகாது. மனச்சிதைவு நோயாளருள் பெரும்பாலோருக்கு இத்தகைய எதிர்ப்பொருள் காணப்படுவதில்லை. எனினும், எதிர்ப்பாற்றலுக்குரிய சி4 என்னும் மரபணுவின் சில வடிவங்கள் அந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவதாக 2016இல் அறியப்பட்டது. தொடர்பு உண்டு, அதன் முழு வழி இன்னும் துலங்கவில்லை.

உடலையும் உள்ளத்தையும் இணைத்து நோக்கும் பார்வை நம் அறிவு மரபுக்குப் புதிதன்று. அபூ ஸைத் அல்-பல்கீ (இறப்பு கி.பி. 934) தம் ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலில் உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒருசேர எழுதினார், ஒன்றின் நோய் மற்றொன்றை வருத்தும் என்றார். 1354இல் அலெப்போவில் எழுந்த அர்கூன் மருத்துவமனை, மனநோயாளருக்கு நீரூற்றுகளுடன் கூடிய முற்றங்களை அமைத்துக் கொடுத்தது.

அம்மரபின் வழிவந்த நாம் மறக்கக்கூடாத நாள் ஒன்று உண்டு. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வெளிப்படையாகவே தடைசெய்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன்பே மாற வேண்டியது நம் எண்ணம்.

நேற்றுவரை நலமாயிருந்த பெண் சில நாள்களில் பிதற்றத் தொடங்கினால், அதனோடு காய்ச்சலோ வலிப்போ வாய்கோணலோ சேர்ந்தால், ‘ஜின் பிடித்துவிட்டது’ என்று நாள் கடத்துவது பெருந்தீங்கு. முதுகுத்தண்டு நீரையும் இரத்தத்தையும் சோதித்தால் காரணம் புலப்படக்கூடும். சிகிச்சை முந்தினால் அவள் மீளும் வாய்ப்பும் கூடும். துஆ மருந்துக்குப் பகையன்று. மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் வழியிலும் அதனை ஓதலாம்.