பொருளாதாரத் தடையும் மாநில அதிகாரமும்: இலங்கை குறித்த தமிழ்நாடு சட்டமன்றத் தீர்மானங்கள் (2011, 2013)

முன்னுரை

இலங்கை உள்நாட்டுப் போர் 2009ஆம் ஆண்டு மே மாதம் முடிவுற்றது. அதன் இறுதிக் கட்டம் குறித்து ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் அமைத்த மூவர் குழுவின் அறிக்கை 2011 ஏப்ரலில் வெளியானது. போர்க்குற்றங்கள் தொடர்பாக நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் உள்ளன என அது கூறியது. இப்பின்னணியில் தமிழ்நாடு சட்டமன்றம் இலங்கை மீது பொருளாதாரத் தடை கோரியது. அக்கோரிக்கை ஏன் சட்டமாக இயலவில்லை என்பதையும், அது எழுப்பும் அறவினாவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு தீர்மானங்கள்

2011 ஜூன் 8 அன்று முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா முன்மொழிந்த தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. போர்க்குற்றம் புரிந்தோரைப் போர்க்குற்றவாளிகளாக அறிவிக்க ஐ.நா.வை இந்தியா வலியுறுத்த வேண்டும் என்பது அதன் ஒரு கோரிக்கை. முகாம்களிலுள்ள தமிழர் சொந்த இடங்களில் குடியமர்ந்து, சிங்களருக்கு நிகரான உரிமை பெறும் வரை, பிற நாடுகளுடன் இணைந்து பொருளாதாரத் தடை விதிக்க வேண்டும் என்பது மற்றொன்று. மாணவர் போராட்டம் தமிழகமெங்கும் பரவிய 2013 மார்ச்சில், 27ஆம் நாள் இரண்டாம் தீர்மானம் நிறைவேறியது. அது தடைக் கோரிக்கையை மீண்டும் வலியுறுத்தியதுடன், இலங்கையை நட்பு நாடு எனக் கருதுவதைக் கைவிடுமாறும், தனி ஈழம் குறித்துப் பொதுவாக்கெடுப்பு நடத்த வழிகாணுமாறும் கோரியது.

அதிகாரத்தின் எல்லை

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வெளியுறவும் வெளிநாட்டு வணிகமும் ஒன்றியப் பட்டியலைச் சார்ந்தவை. ஏற்றுமதி, இறக்குமதியைத் தடுக்கும் அதிகாரத்தை 1992ஆம் ஆண்டின் அயல்நாட்டு வணிகச் சட்டம் ஒன்றிய அரசுக்கே வழங்குகிறது. ஆகவே மதுராந்தகம் தொகுதியின் உறுப்பினர் சட்டமன்றத்தில் தம் மக்களின் உணர்வைப் பதிவு செய்யலாம். ஆனால் கொழும்புக்குச் செல்லும் ஒரு சரக்குப் பெட்டியைக்கூட அந்த அவையால் நிறுத்த இயலாது.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1996இல் ஒரு படி மேலே சென்றது. பர்மாவில் தொழில் செய்யும் நிறுவனங்களிடம் மாநில அரசு கொள்முதல் செய்வதைக் கட்டுப்படுத்திச் சட்டமே இயற்றியது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. மறுபுறம், நடுவண் அரசு முனைந்தால் தடை இயலும் என்பதற்கும் சான்று உண்டு. தென்னாப்பிரிக்க இந்தியருக்கு எதிரான பாகுபாட்டைக் கண்டித்து, 1946இல் இந்திய அரசு அந்நாட்டுடனான வணிகத்தைத் தடை செய்தது. நேட்டாலில் குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்களும் அப்பாகுபாட்டிற்கு உள்ளாகியிருந்தனர்.

தடையின் மறுபக்கம்

'பொருளாதாரத் தடை' என்னும் தொடர் வட இலங்கைத் தமிழருக்குப் புதிதன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபின், எரிபொருள், சீமெந்து, உரம், மின்கலம் முதலான பொருள்கள் வடக்கிற்குச் செல்வதை இலங்கை அரசு தடுத்தது. மக்கள் போத்தல் விளக்கில் படித்தனர். மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். தடையின் சுமை ஆயுதம் ஏந்தாதவர்மீதே பெரிதும் விழுந்தது. நாடு முழுமைக்கும் விதிக்கப்படும் வணிகத் தடை, யாருக்காக அது கோரப்படுகிறதோ அவர்களின் அடுப்பையும் அணைக்கக்கூடும்.

முடிவுரை

தடை விதிக்கப்படவில்லை; 2000 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள இந்திய இலங்கைத் தடையிலா வணிக ஒப்பந்தமும் தொடர்ந்தது. ஆயினும் தமிழகத்தில் எழுந்த அழுத்தத்தினிடையே, ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் இலங்கை தொடர்பான தீர்மானங்களை இந்தியா ஆதரித்தது. 2014இல் வாக்களிக்காமல் விலகியது. சட்ட வலுவற்ற தீர்மானம் ஒன்றிய அரசை நோக்கிய அரசியல் குரலாக இயங்கியது என இதனைக் கொள்ளலாம். அக்குரல் பயன் தர வேண்டுமாயின், நாட்டைத் தண்டிப்பதற்கும் குற்றம் புரிந்தோரைத் தண்டிப்பதற்கும் இடையிலான வேறுபாட்டை அது தெளிவுறுத்த வேண்டும். சொத்து முடக்கம், பயணத் தடை போன்ற தனிமனிதரை நோக்கிய நடவடிக்கைகள் அவ்வேறுபாட்டைப் பேணுகின்றன. யாழ்ப்பாணத்தின் போத்தல் விளக்கு உணர்த்தும் வரலாற்றுப் பாடம் இதுவே.