குதிரைக் கவசம்

இரண்டரை டாலர் என்பது அமெரிக்க தேசத்தில் ஒரு பெரிய தொகையே அல்ல. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கூடக் காணாது. அந்த இரண்டரை டாலரை முன்னிட்டு 2006-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஏராளமான இளைஞர்கள் கொதித்து எழுந்தார்கள். நாட்டுக்காக அல்ல, கூலிக்காக அல்ல, ஒரு குதிரைக்குப் போடும் கவசத்துக்காக. அந்தக் குதிரையும் புல் தின்கிற குதிரை அல்ல. டெலிவிஷன் திரையில் ஓடுகிற குதிரை!

இதில் சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது. சிரித்தவர்களும் உண்டு. ஆனால் நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கதை சொல்லுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவே காசு எந்த இடத்தில் வந்து உட்காருகிறது என்பது எனக்கு வெறும் வேடிக்கை அல்ல. ஆகையால் இந்தக் குதிரையின் சரித்திரத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லப் போகிறேன்.

மேரிலாந்து மாகாணத்தில் பெதஸ்டா என்று ஒரு கம்பெனி. அது 2006 மார்ச்சு மாதத்தில் 'ஆப்லிவியன்' என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டது. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்ற வரிசையில் நாலாவது. ஒருவரே தனியாக உட்கார்ந்து ஆட வேண்டியது. விளையாட்டு என்று சொல்வதைவிட, நடந்து திரியக்கூடிய ஒரு நாவல் என்று சொல்லலாம். நீங்கள் ஒரு சிறைக் கைதி. உங்கள் அறையின் வழியாக ஒரு சக்கரவர்த்தி தப்பி ஓடுகிறார். சிறிது நேரத்துக்கெல்லாம் கொலையுண்டு போகிறார். சாக்கடைச் சுரங்கத்திலிருந்து நீங்கள் வெளியே வந்ததும் கண்ணுக்கெட்டிய தூரம் மலையும் ஏரியும் காடும் விரிந்து கிடக்கின்றன. எந்தத் திசையிலும் போகலாம். எந்தக் கதவையும் தட்டலாம். இந்தச் சுதந்திரத்துக்கு விலை அறுபது டாலர். அதற்கு முந்திய தலைமுறை யந்திரங்களில் ஐம்பது டாலருக்கு விற்ற சரக்கு, மைக்ரோஸாப்டின் 'எக்ஸ்பாக்ஸ் 360' வந்ததும் பத்து டாலர் ஏறியிருந்தது. அதையும் முணுமுணுத்துக் கொண்டே கொடுத்தார்கள். கொடுத்து முடித்தோம் என்றும் நினைத்தார்கள்.

இரண்டு வாரம் ஆயிற்று. ஏப்ரல் 3-ஆம் தேதி, குதிரைக்குக் கவசம் வேண்டுமா என்று கடை விரித்தது கம்பெனி. விலை 200 புள்ளிகள். புள்ளி என்பது மைக்ரோஸாப்ட் அச்சடிக்காமலே அடித்த நாணயம். எண்பது புள்ளி ஒரு டாலர். சில்லறையாக வாங்க முடியாது. கட்டாகத்தான் வாங்க வேண்டும். நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் ராட்டினத்துக்கு முதலில் டோக்கன் வாங்கச் சொல்வார்களே, அதே வித்தைதான். கையில் பிடித்திருப்பது காசு என்பதே மறந்து போகும்.

கவசத்தை வாங்கியவருக்கு என்ன கிடைத்தது? தலைநகரத்து மதிலுக்கு வெளியே ஒரு குதிரை லாயம். அங்கே ஒரு ராட்சதப் பெண் பிள்ளை. அவளிடம் போய்க் கேட்டால் இரும்பிலோ எல்வன் வேலைப்பாட்டிலோ ஒரு கவசம் மாட்டி விடுவாள். முதல் குதிரைக்கு இனாம். அடுத்த குதிரைக்கு விளையாட்டுக்குள்ளேயே சம்பாதித்த ஐந்நூறு பொற்காசு எண்ணி வைக்க வேண்டும்! வெளியில் ஒரு தரம், உள்ளே ஒரு தரம். கவசம் பூண்ட குதிரை கொஞ்சம் கூடுதலாக அடி தாங்கும். வேறு ஒன்றும் செய்யாது. கதையில் ஒரு வரி கூடக் கூடவில்லை. வரைபடத்தில் ஒரு சந்து கூட நீளவில்லை.

யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிறார்கள் என்று ஆட்டக்காரர்கள் கூச்சலிட்டார்கள். கேலிப் படங்கள் கிளம்பின. 'குதிரைக் கவசம்' என்ற சொல்லே வசைச் சொல்லாகி விட்டது. இருபது வருஷம் ஆகப் போகிறது. எந்தக் கம்பெனி எந்த அற்பச் சரக்கை விற்க வந்தாலும் இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள்.

இவர்கள் கஞ்சர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 2007 மார்ச்சில் அதே கம்பெனி 'ஷிவரிங் ஐல்ஸ்' என்று ஒரு பெரிய பின்னிணைப்பை முப்பது டாலருக்கு விற்றது. பைத்தியக்காரத் தெய்வம் ஒன்று ஆளும் தனித் தீவு, புதுக் கதை, புது மனிதர்கள். சந்தோஷமாக வாங்கினார்கள், கொண்டாடினார்கள். முப்பதுக்கு மனம் கோணாதவர்கள் இரண்டரைக்குக் கோணினார்கள் என்றால் காரணம் தொகையில் இல்லை.

ஒரு காரணம் பழைய பழக்கம். அதே வரிசையில் மூன்றாவதான 'மாரோவிண்ட்' 2002-இல் வந்தபோது, கணிப்பொறியில் ஆடியவர்களுக்குக் கம்பெனியே சின்னச் சின்ன இணைப்புகளை இலவசமாகக் கொடுத்தது. அவற்றில் ஒரு கவசமும் இருந்தது. அது போதாதென்று ரசிகர்களே ராத்திரி கண் விழித்து வாளும் வீடும் ஊரும் செய்து ஒருவருக்கொருவர் தானமாக வழங்கிக் கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொல்லையிலிருந்து பறித்துத் தருகிற கறிவேப்பிலைக்குக் கடைக்காரர் திடீரென்று விலைச் சீட்டு ஒட்டினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

இன்னொரு காரணம் ஆழமானது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்த விளையாட்டுகள் பிழைப்பைத் தொடங்கியது காசு போடும் பெட்டிகளில்தான். ஒரு காசுக்கு இத்தனை உயிர். உயிர் போனால் மறு காசு. அது ஒளிவு மறைவற்ற வியாபாரம். அடாரி கம்பெனி 1985-இல் 'காண்ட்லெட்' என்று ஒன்று கொண்டு வந்தது. அதில் எதிரி அடிக்காமல் சும்மா நின்றாலும் வீரனின் பலம் சொட்டுச் சொட்டாக வடியும். காசு போட்டால் மறுபடி ஏறும். 1990-இல் வந்த 'டபிள் டிராகன் 3' இன்னும் ஒரு படி தாண்டியது. சண்டைக்கு நடுவே ஒரு கடை வரும். உள்ளே போய் நிஜக் காசைப் பெட்டியில் போட்டு ஆயுதமோ புது அடியோ துணைக்கு ஆளோ வாங்கலாம். ஜப்பானில் வந்த பதிப்பில் அந்தக் கடையையே எடுத்து விட்டார்கள். ஆக, 2006-க்குப் பதினாறு வருஷம் முன்பே இந்த யோசனை பிறந்தாகி விட்டது.

ஆனால் வீட்டுக்கு வாங்கி வந்த விளையாட்டு வேறு ஜாதி. அது சுத்தக் கிரயம். விலையை எண்ணிக் கொடுத்துக் கதவைச் சாத்திய பிறகு விற்றவனுக்கு அந்த வீட்டுக்குள் வேலை இல்லை. கஷ்டமான கட்டம் வந்தால், அது ஆசிரியன் வைத்த கஷ்டம். அதைத் தாண்டினால் சந்தோஷம். குதிரைக் கவசம் விலை பெற்றது இரண்டரை டாலர்தான்; ஆனால் சாத்திய கதவை அது திறந்து விட்டது. ஆட்டக்காரர்களுக்கு அதைச் சரியான வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. அதனால் கத்தினார்கள்.

கத்திக் கொண்டே வாங்கவும் செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் சரித்திரம் ஆகாது. கவசம் நன்றாகவே விற்றது என்று கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். அடுத்து வந்த மந்திரவாதி கோபுரத்தை 150 புள்ளிக்குக் கொடுத்தார்கள். முழுக் கோபுரத்துக்கு நூற்றைம்பது, குதிரைச் சட்டைக்கு இருநூறு! 2009 ஏப்ரல் முதல் தேதி, முட்டாள்கள் தினத்தன்று, மற்ற இணைப்புகளை எல்லாம் பாதி விலைக்கு இறக்கி, குதிரைக் கவசத்தை மட்டும் இரண்டு பங்கு விலைக்கு ஏற்றி வைத்து வேடிக்கை காட்டியது கம்பெனி. திட்டு வாங்கியவனே அந்தத் திட்டை மாலையாகப் போட்டுக் கொண்டால் திட்டியவன் என்ன செய்வான்?

அதற்குப் பிறகு வந்தவர்கள் சட்டை விற்பதோடு நிற்கவில்லை. பொறுமையை விற்க ஆரம்பித்தார்கள். 2013-இல் 'டெட் ஸ்பேஸ் 3'. தகரமும் கம்பியும் பொறுக்கி ஆயுதம் செய்ய வேண்டும். பொறுக்கச் சலிப்பாக இருந்தால் காசு கொடுத்து வாங்கலாம். ஓர் இடத்தில் அறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால் அதே பொருள் மறுபடி முளைத்திருப்பதை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்து, கடைப் பக்கமே போகாமல் வாரிக் குவித்தார்கள். இலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியார் அது பிழை அல்ல, அதை அடைக்கவும் போவதில்லை என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். 2016-இல் 'டியூஸ் எக்ஸ்: மேன்கைண்ட் டிவைடட்'. அதில் காசு கொடுத்து வாங்கிய பொருளை ஒரு தரம் உபயோகித்தால் தீர்ந்தது. இரண்டாம் முறை ஆட்டத்தை முதலிலிருந்து ஆடினால் அது கிடையாது. இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனம் இல்லை.

சொல்ல வேண்டியது 2017 அக்டோபரில் வந்த 'ஷேடோ ஆப் வார்' பற்றி. டோல்கீன் படைத்த மோர்டார் தேசத்தில் நடக்கிற கதை. மானோலித் என்ற கம்பெனி செய்தது. வார்னர் பிரதர்ஸ் வெளியிட்டது. இதில் ஓர் அதிசயம் இருந்தது. உங்களைக் கொன்றவன் பெயரில்லாத அடியாளாக இருந்தாலும், கொன்ற பெருமையில் அவனுக்குப் பதவி உயர்வு கிடைக்கும். பெயர் வரும். அடுத்த முறை எதிர்ப்பட்டால் 'மறுபடியும் வந்து விட்டாயா?' என்ற பாவனையில் எள்ளி நகைப்பான். நெருப்பில் தள்ளியிருந்தீர்கள் என்றால் கருகிய முகத்தோடு வருவான். இருபத்தைந்து வருஷம் பேனா பிடித்த என்னால் ஒரு வாசகருக்கு அவருடைய சொந்தப் பகைவனைப் படைத்துக் கொடுக்க முடியாது. எல்லா வாசகருக்கும் ஒரே வில்லன்தான் கொடுப்பேன். இந்த விளையாட்டு ஆளுக்கொரு வில்லனை, அவரவர் தோல்வியிலிருந்தே பிசைந்து கொடுத்தது.

அப்படிப்பட்ட அதிசயத்தின் நடுவில் ஒரு சந்தையைத் திறந்தார்கள். காசு கொடுத்தால் மூடிய பெட்டி ஒன்று கிடைக்கும். பெட்டிக்குள் வீரர்கள். உள்ளே யார் இருப்பான் என்பது அதிர்ஷ்டம். ரத்தமும் அவமானமும் சிந்திச் சம்பாதிக்க வேண்டிய மனிதன் லாட்டரிச் சீட்டுப் போல வந்து விழுந்தான். ஆகஸ்டு மாதத்தில் அறிவிப்பு வந்ததுமே ஆட்டக்காரர்கள் எதிர்த்தார்கள். விளையாட்டு வந்த பிறகு கடைசிப் பகுதியைப் பார்த்துக் கோபம் இரட்டித்தது. முழு முடிவைக் காண வேண்டுமானால் கோட்டைகளைத் திரும்பத் திரும்பக் காக்க வேண்டும். காக்க வலுவான வீரர்கள் வேண்டும். வீரர்களோ சந்தையில் இருக்கிறார்கள். காசு கொடுக்காமலும் முடிக்கலாம் என்று கம்பெனி சொன்னது. உண்மைதான். ஆனால் அந்த நெடும் பகுதி கதைக்காக நீண்டதா, சந்தைக்காக நீண்டதா என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை.

2018 ஏப்ரலில் மானோலித் பணிந்தது. வீரர்களை விலைக்குக் கொடுத்தது விளையாட்டின் உயிர்நாடிக்கே ஆபத்து என்று அவர்களே ஒப்புக் கொண்டார்கள். ஜூலை 17-ஆம் தேதி சந்தையை மூடினார்கள். கூடவே இன்னொன்றும் செய்தார்கள்: அந்தக் கடைசிப் பகுதியைச் சுருக்கினார்கள்! இதை வாசித்தபோது நான் புஸ்தகத்தை மூடிய மாதிரி சற்று நேரம் சும்மா இருந்தேன். சந்தை போனதும் கதை சுருங்குகிறது என்றால், ஆட்டக்காரர்கள் சந்தேகப்பட்டதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அந்த மானோலித் கம்பெனியே 2025 பிப்ரவரியில் மூடப்பட்டு விட்டது.

எல்லாச் சந்தேகமும் நியாயம் என்று நான் சாதிக்க மாட்டேன். 2024 மார்ச்சு 22-ஆம் தேதி ஜப்பானியக் கம்பெனியான காப்காம் 'டிராகன்ஸ் டாக்மா 2' வெளியிட்டது. விலை எழுபது டாலர். இதை இயக்கிய இட்ஸுனோ, வழி நெடுக ஏதாவது நடந்து கொண்டே இருக்க வேண்டும். பிரயாணம் அலுக்கிறது என்றால் விளையாட்டே அலுப்பானது என்று பொருள் என்ற கொள்கை உடையவர். ஆகையால் நினைத்த இடத்துக்கு ஒரு நொடியில் பறக்கும் வசதியை வேண்டுமென்றே அரிதாக வைத்தார். வெளிவந்த அன்றே பார்த்தால் கடைப் பட்டியலில் இருபதுக்கு மேல் சில்லறைச் சாமான்கள்! செத்தால் எழுப்பும் கல், சிறைச் சாவி, முகத்தை மாற்றிக் கொள்ளும் புஸ்தகம், பறந்து போக உதவும் ஸ்படிகம். வாங்கியவர்கள் எழுதிய தீர்ப்புகளில் முதல் நாள் பெரும்பகுதி கண்டனமே. ஆட்டம் தத்தித் தத்தி ஓடியது, புதிதாக முதலிலிருந்து தொடங்க வழி இல்லை என்ற குறைகளும் சேர்ந்து கொண்டன. அன்றைக்கே காப்காம் மன்னிப்புக் கேட்டது. பிறகு, புது ஆட்டம் தொடங்க வழி செய்தார்கள். முகம் மாற்றும் புஸ்தகத்தை விளையாட்டுக்குள்ளேயே தாராளமாகக் கிடைக்கச் செய்தார்கள்.

உண்மை என்னவென்றால், அந்தச் சாமான்கள் யாவும் விளையாட்டுக்குள் நடந்து திரிந்தாலே கிடைப்பவை. ஸ்படிகமும் ஒன்றே ஒன்றுதான் காசுக்குக் கிடைக்கும். ஆகையால் கூச்சல் அளவுக்கு மீறியது என்று சிலர் எழுதினார்கள். கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் எனக்கு இட்ஸுனோவை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது. ஒரு மனிதன் ரொம்ப யோசித்து ஒரு பாதையை நீளமாகப் போடுகிறான், வழியில் பார்க்க வேண்டியவை இருக்கின்றன என்பதற்காக. பாதையின் முகப்பில் ஒரு வண்டிக்காரன் நின்று 'சார், வண்டி வேணுமா?' என்கிறான். அந்த நிமிஷத்திலிருந்து பாதையின் நீளத்தை யாரும் அழகு என்று நம்ப மாட்டார்கள். வண்டிக்கு யாரும் ஏறாவிட்டாலும் நம்ப மாட்டார்கள்.

வாரா வாரம் 'தொடரும்' போட்டுப் பிழைத்தவர்களுக்கு இந்த வேதனை புரியும். கதாநாயகிக்கு நான் உண்மையாகவே ஜுரம் வர வைத்தாலும், பத்திரிகை விற்பனைக்காக இரண்டு வாரம் படுக்க வைத்திருக்கிறான் என்று எழுதுகிற வாசகர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கோபித்துப் பயன் இல்லை. அப்படிப் படுக்க வைத்த கதைகளையும் அவர்கள் படித்திருக்கிறார்கள்.

போலந்து தேசத்துக்காரர்கள் ஒருவிதத்தில் சாமர்த்தியசாலிகள். 2015-இல் 'விட்சர் 3' வெளியிட்டபோது பதினாறு சிறு இணைப்புகளை வாங்கியவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார்கள். முதலில் கொடுத்தவற்றில் ஒன்று கதாநாயகனுக்குக் கவசம். கூடவே அவன் குதிரைக்கும் அலங்காரம்! அடுத்து வந்த இரண்டு பெரிய கதைகளுக்குக் காசு கேட்டார்கள். ஜனங்கள் மறு பேச்சுப் பேசாமல் கொடுத்தார்கள்.

பழைய குதிரைக்கு வருவோம். 2025 ஏப்ரல் 22-ஆம் தேதி, முன்னறிவிப்பு இல்லாமல், 'ஆப்லிவியன்' புதுப் பொலிவோடு மறுபடி வெளிவந்தது. விலை ஐம்பது டாலர். அன்று இரண்டரை டாலருக்கு விற்ற கவசம் இப்போது எல்லோருக்கும் சேர்த்தே கிடைக்கிறது. அறுபது டாலர் கொடுத்து உயர்ந்த பதிப்பை வாங்கினால் வேறு சில சரக்குகளோடு குதிரைக்குப் புதிதாகச் செய்த கவசங்களும் உண்டு. இந்தத் தடவை பலரும் கோபப்படவில்லை. பழைய சிநேகிதனைக் கண்டது போலச் சிரித்தார்கள். பத்து டாலரையும் கொடுத்தார்கள்.