ஜிம்மர் ஃபிரெடெட்

ஜிம்மர் ஃபிரெடெட் (ஜேம்ஸ் டாஃப்ட் ஃபிரெடெட், பிறப்பு: பிப்ரவரி 25, 1989) அமெரிக்கக் கூடைப்பந்து வீரர். கார்டு இடத்தில் ஆடியவர். உயரம் 6 அடி 2 அங்குலம். கல்லூரிக் கூடைப்பந்தில் நாட்டின் தலைசிறந்த வீரராகத் தேர்வானவர். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் நிலைத்த இடம் கிடைக்காத நிலையில் சீனாவின் ஷாங்காய் நகரில் பெரும்புகழ் பெற்றார்.

இளமை

நியூயார்க் மாநிலத்தின் குளென்ஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் வளர்ந்தார். முதல் பயிற்சியாளர் அண்ணன் டி.ஜே. பதின்ம வயதுத் தம்பியைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச்சென்று கைதிகளுடன் ஆடவைத்தவர் அவர். கூச்சலுக்கும் முரட்டுத் தடுப்புக்கும் நடுவே கவனம் சிதறாமல் ஆடும் பழக்கம் அங்கேதான் உருவானது.

கல்லூரிக் காலம் (2007–2011)

யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரிலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்காக நான்கு ஆண்டுகள் ஆடினார். பந்தைத் தட்டிக்கொண்டே வந்து, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெகுதூரம் முன்பாகவே சட்டென நின்று எறிவது அவருடைய முத்திரை. தடுப்பவர் நெருங்கி வந்தால் அவரைக் கடந்து கூடையை நோக்கிப் பாய்வார்.

2010–11 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 28.9 புள்ளிகள் குவித்து நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். அந்த ஜனவரியில், அதுவரை தோல்வியே காணாத சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழக அணியை வீழ்த்திய ஆட்டத்தில் அவர் எடுத்தது 43 புள்ளிகள். மார்ச்சில் நியூ மெக்சிகோ அணிக்கு எதிராக 52 புள்ளிகள் எடுத்தார். ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான நெய்ஸ்மித், ஜான் வுடன் விருதுகள் இரண்டும் அவரைத் தேடிவந்தன.

என்.பி.ஏ.

புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2011 டிராஃப்டில் பத்தாவதாகத் தேர்வாகி, சாக்ரமென்டோ கிங்ஸ் அணியில் சேர்ந்தார். பந்து தன் கையிலேயே இருக்கும்போது சிறப்பது அவர் ஆட்டம். அங்கேயோ மாற்று வீரராகச் சில நிமிடங்களே கிடைத்தன. உயரமும் வேகமும் மிகுந்த எதிராளிகளைத் தடுப்பதிலும் அவர் திணறினார். சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ், நியூயார்க் என அணிகள் மாறின. மொத்தம் 241 ஆட்டங்களில் அவருடைய சராசரி 6 புள்ளிகள்.

ஷாங்காய்

2016இல், புகழ்பெற்ற சீனக் கூடைப்பந்து வீரர் யாவ் மிங்குக்குச் சொந்தமான ஷாங்காய் ஷார்க்ஸ் அணியில் இணைந்தார். சீன லீக்கில் வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அதனால் புள்ளி குவிக்கும் பெரும்பொறுப்பு அவர்கள் தோளில்தான் விழும். ஃபிரெடெட்டுக்கு வேண்டியிருந்ததும் அதுவே. முதல் பருவத்திலேயே 37 புள்ளிகளுக்கு மேல் சராசரி எட்டி, லீக்கின் சிறந்த வெளிநாட்டு வீரர் விருதை வென்றார். 2017 பிப்ரவரியில் ஒரே ஆட்டத்தில் 73 புள்ளிகள் எடுத்தார். 2018 நவம்பரில் பெய்கோங் அணிக்கு எதிராக 75 புள்ளிகள் எடுத்தும், அவரது அணி 136–137 என ஒரு புள்ளியில் தோற்றது. சீன ரசிகர்கள் 'தனிமைப் பெருந்தெய்வம்' என்ற பட்டம் சூட்டிக் கொண்டாடினர்.

சீனப் பருவம் அமெரிக்கப் பருவத்துக்கு முன்பே முடிந்துவிடும். அந்த இடைவெளியில், 2019 மார்ச்சில், ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியில் சேர்ந்து ஆறு ஆட்டங்கள் ஆடினார். பின்னர் கிரேக்கத்தின் பனாதினைகோஸ் அணியில் சேர்ந்து 2020 லீக் பட்டம் வென்று, மீண்டும் ஒரு பருவம் ஷாங்காய்க்குத் திரும்பினார்.

மூவர் கூடைப்பந்து

அடுத்து மூவர் கூடைப்பந்துக்கு மாறினார். பாதி மைதானத்தில், அணிக்கு மூவராக 10 நிமிடம் ஆடும் இந்த வடிவத்தில் கோட்டுக்கு வெளியிலிருந்து விழும் பந்துக்கு இரண்டு புள்ளி, உள்ளிருந்து விழுவதற்கு ஒன்று. தொலைவிலிருந்து எறிபவருக்கென்றே அமைந்த கணக்கு இது. 2023இல் அமெரிக்க அணியுடன் உலகக் கோப்பை வெள்ளியும் பான் அமெரிக்கப் போட்டித் தங்கமும் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தொடக்க ஆட்டங்களிலேயே காயமடைந்து விலக, மாற்று வீரர் இல்லாமல் மற்ற மூவரே மீதி ஆட்டங்களை ஆடவேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார். பிறகு அமெரிக்க ஆடவர் மூவர் அணியின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார்.

மதிப்பீடு

என்.பி.ஏ. கணக்கை மட்டும் வைத்து ஃபிரெடெட்டைத் தோற்றவர் என எழுதுவது பிழை. புரோவோவிலும் ஷாங்காயிலும் அவர் ஆடியது ஒரே ஆட்டம்தான். பந்தை அவர் கையில் நம்பிக் கொடுத்த இடங்களில் எல்லாம் அந்த ஆட்டம் அரங்கை நிறைத்தது. ஒரு வீரரின் தரத்தை எடைபோடும்போது அவருக்குத் தரப்பட்ட பொறுப்பையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கை வலுவான சான்று.