பிரிட்ஜ் சீட்டாட்டம்: ஏலம் கேட்பதா, ‘பாஸ்’ சொல்லித் தடுத்து ஆடுவதா? எளிய விளக்கம்

2018-ம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்கு ஒரு வித்தியாசமான தங்கம் கிடைத்தது. ஓடியோ, குத்துச்சண்டை போட்டோ வந்த தங்கம் இல்லை. சீட்டாடி வந்த தங்கம்.

பிரிட்ஜ் ஆட்டத்தின் ஆண்கள் இணைப் பிரிவில் கொல்கத்தாவைச் சேர்ந்த பிரணப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி முதலிடம் பிடித்தது. அப்போது பர்தனுக்கு வயது 60, சர்க்காருக்கு 56. இவர்கள் எடுத்தது 384 புள்ளிகள். வெள்ளி வென்ற சீன ஜோடி எடுத்தது 378. வித்தியாசம் வெறும் 6 புள்ளிகள்தான்.

இவ்வளவு நெருக்கமான ஆட்டத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது நல்ல சீட்டு வருவது மட்டும் இல்லை. எப்போது ஏலம் கேட்பது, எப்போது பேசாமல் ‘பாஸ்’ சொல்லி எதிரணியை ஆடவிட்டுக் கவிழ்ப்பது என்ற முடிவுதான் பல நேரம் ஆட்டத்தைத் திருப்பும். புதிதாக ஆடுபவர்கள் அதிகம் கோட்டை விடுவதும் இங்கேதான்.

பிரிட்ஜ் எப்படி ஆடப்படுகிறது?

நான்கு பேர் ஆடும் ஆட்டம். எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு ஜோடி. 52 சீட்டும் பிரித்துக் கொடுக்கப்படும், ஆளுக்கு 13. நான்கு பேரும் ஒவ்வொரு சீட்டு போட, பெரிய சீட்டு போட்டவர் அள்ளுவது ஒரு ‘பிடி’. மொத்தம் 13 பிடி.

ஆட்டம் தொடங்கும் முன் ஏலம் நடக்கும். ‘2 இஸ்பேடு’ என்று ஒருவர் கேட்டால், இஸ்பேடு துருப்பாக இருந்தால் தங்கள் ஜோடி 6+2, அதாவது 8 பிடி எடுக்கும் என்று ஒப்பந்தம் செய்வதாக அர்த்தம். ‘4 ஆர்ட்டின்’ என்றால் 10 பிடி. ஒருவர் கேட்ட பிறகு அடுத்த மூன்று பேரும் வரிசையாக ‘பாஸ்’ சொன்னால் ஏலம் முடிந்தது.

சொன்ன பிடியை எடுத்தால் புள்ளி அவர்களுக்கு. ஒரு பிடி குறைந்தாலும் எதிரணிக்குப் புள்ளி. இருபத்தெட்டு ஆடிப் பழகியவர்களுக்கு இந்த அமைப்பு சட்டெனப் பிடிபடும்.

‘பாஸ்’ என்றால் தோல்வியா?

இல்லை. இதைப் புரிந்துகொள்ள ஏலச்சீட்டை நினைத்துப் பார்த்தால் போதும். ஊத்துக்கோட்டை கடைவீதியில் கடை வைத்திருப்பவரோ, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவரோ, மாதச் சீட்டு கட்டிய யாருக்கும் இது தெரியும். ஒரு லட்ச ரூபாய் சீட்டை அவசரத்துக்கு ஒருவர் 20 ஆயிரம் தள்ளி எடுக்கிறார் என்றால், அந்தத் தள்ளுபடியில் நடத்துபவரின் கமிஷன் போக மீதி மற்றவர்களுக்குக் கசராக வரும். ஏலத்தில் வாயைத் திறக்காதவருக்கும் அதில் பங்கு உண்டு. போட்டிக்காக ஏற்றிவிடப் போய், கடைசியில் தன் தலையிலேயே சீட்டைக் கட்டிக்கொண்டவர் கதையும் எல்லா ஊரிலும் உண்டு.

பிரிட்ஜிலும் அப்படித்தான். எதிரணி அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டால், அவர்கள் கவிழும் ஒவ்வொரு பிடிக்கும் உங்களுக்குப் புள்ளி. ஒரே வித்தியாசம், கசர் தானாக வரும். பிரிட்ஜில் தடுத்து ஆடித்தான் சம்பாதிக்க வேண்டும்.

புள்ளிக் கணக்கு என்ன சொல்கிறது?

இன்று உலகம் முழுக்க ஆடப்படும் கான்ட்ராக்ட் பிரிட்ஜின் புள்ளி முறையை 1925-ல் வடிவமைத்தவர் அமெரிக்கரான ஹரால்ட் வாண்டர்பில்ட். அதில் வரும் முக்கியமான சொல் ‘வல்னரபிள்’. இந்த நிலையில் இருக்கும் ஜோடிக்குப் பெரிய ஒப்பந்தத்தில் லாபமும் அதிகம், கவிழ்ந்தால் அடியும் அதிகம். எந்த ஜோடி வல்னரபிள் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும்.

4 இஸ்பேடு அல்லது 4 ஆர்ட்டின் கேட்டு 10 பிடி எடுத்தால்:
• வல்னரபிள் இல்லை என்றால் 420 புள்ளி
• வல்னரபிள் என்றால் 620 புள்ளி

கவிழ்ந்தால் பிடிக்கு 50; வல்னரபிள் என்றால் 100. ஆனால் எதிரணி ‘டபுள்’ சொல்லியிருந்தால் கணக்கே வேறு:
• வல்னரபிள் இல்லை: ஒரு பிடி குறைந்தால் 100, இரண்டு 300, மூன்று 500, நான்கு 800
• வல்னரபிள்: ஒன்று 200, இரண்டு 500, மூன்று 800, நான்கு 1100

இந்த எண்களை மனப்பாடம் செய்வது அவசியம். ‘அவங்க ஜெயிச்சுடுவாங்க, அதைவிட நாம கேட்டுக் கவிழ்ந்தாலும் பரவாயில்லை’ என்று தெரிந்தே மேலே கேட்பதைத் தியாகக் கேட்பு என்று சொல்லலாம். அது எப்போது லாபம், எப்போது நஷ்டம் என்பதை இந்த எண்கள்தான் சொல்லும்.

எதிரணி 4 ஆர்ட்டின் கேட்டு ஜெயிக்கப் போகிறது, நீங்கள் 4 இஸ்பேடு கேட்கிறீர்கள், அவர்கள் டபுள் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்:
• இரு தரப்பும் வல்னரபிள் இல்லை: 2 பிடி வரை கவிழலாம் (300, அவர்களின் 420-ஐவிடக் குறைவு). 3 என்றால் நஷ்டம்.
• அவர்கள் மட்டும் வல்னரபிள்: 3 பிடி வரை கவிழலாம் (500, 620-ஐவிடக் குறைவு).
• இரு தரப்பும் வல்னரபிள்: 2 பிடி வரை (500).
• நீங்கள் மட்டும் வல்னரபிள்: ஒரு பிடிதான் (200). இரண்டு போனாலே 500, நஷ்டம்.

கடைசி நிலையில் இருக்கும்போது பாஸ் சொல்வதே பெரும்பாலும் சரி.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எதிரணியின் 4 ஆர்ட்டின் எப்படியும் கவிழ வேண்டிய ஒப்பந்தமாக இருந்தால்? பாஸ் சொல்லியிருந்தால் உங்களுக்கு வந்திருக்க வேண்டிய புள்ளியும் போச்சு, கையிலிருந்தும் கொடுக்க வேண்டியதாச்சு. இரட்டை நஷ்டம்.

துருப்பை எண்ணுங்கள்

சின்ன ஒப்பந்தங்களுக்கான போட்டியில் உதவும் ஒரு கணக்கு உண்டு. பிரான்ஸைச் சேர்ந்த ஜான் ரெனே வெர்ன் 1960-களில் சொன்னது. அமெரிக்க வீரர் லாரி கோஹன் 1992-ல் எழுதிய புத்தகத்தால் உலகம் முழுக்கப் பரவியது.

கணக்கு இதுதான்: உங்கள் ஜோடியிடம் உள்ள துருப்புகளையும், எதிரணி தங்கள் நிறத்தைத் துருப்பாக்கினால் அவர்களிடம் இருக்கும் துருப்புகளையும் கூட்டுங்கள். இரு தரப்பும் அவரவர் துருப்பில் ஆடினால் எடுக்கக்கூடிய பிடிகளின் கூட்டுத்தொகை ஏறக்குறைய அதே எண்ணாக இருக்கும். எல்லா நேரமும் துல்லியமாக வராது. ஒன்று முன்னே பின்னே போகலாம். ஆனால் நல்ல வழிகாட்டி.

ஓர் உதாரணம். இரு தரப்பும் வல்னரபிள் இல்லை. உங்கள் ஜோடி 1 இஸ்பேடு கேட்கிறார். அதாவது அவரிடம் குறைந்தது 5 இஸ்பேடு. அடுத்த எதிராளி 2 ஆர்ட்டின். நீங்கள் 2 இஸ்பேடு. அடுத்தவர் 3 ஆர்ட்டின். இரண்டு பாஸ்களுக்குப் பிறகு முறை உங்களுக்கு வருகிறது. 3 இஸ்பேடு கேட்பதா, பாஸா?

முதல் கை: இஸ்பேடு ராணி, 8, 5. ஆர்ட்டின் ராஜா, ஜாக்கி, 7. டைமன் ராணி, 8, 6, 3. கிளாவர் ஜாக்கி, 5, 2.

இரண்டாம் கை: இஸ்பேடு ராணி, 8, 5, 2. ஆர்ட்டின் 7 மட்டும். டைமன் ராஜா, 8, 6, 3. கிளாவர் ஜாக்கி, 9, 5, 2.

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்ற வழக்கமான மதிப்பில் முதல் கைக்கு 9, இரண்டாவதுக்கு 6. பார்த்த உடனே ‘9 இருக்கே, கேட்டுடலாம்’ என்று தோன்றும். நடப்பது நேர் எதிர்: முதல் கையில் பாஸ், இரண்டாவதில் 3 இஸ்பேடு.

முதல் கையில் உங்கள் தரப்புக்கு 5+3=8 துருப்பு. உங்களிடமே 3 ஆர்ட்டின் இருப்பதால் அவர்களிடமும் 8 இருக்கலாம். மொத்தம் 16 பிடி.
• அவர்களுக்கு 8, உங்களுக்கு 8: பாஸ் சொன்னால் +50; கேட்டால் −50.
• அவர்களுக்கு 9, உங்களுக்கு 7: பாஸ் என்றால் −140, கேட்டால் −100, டபுள் வந்தால் −300.
• அவர்களுக்கு 7, உங்களுக்கு 9: பாஸ் என்றால் +100, கேட்டால் +140.

கேட்டுக் கிடைக்கும் லாபம் அதிகபட்சம் 40. இழப்பு 100, டபுள் வந்தால் 160. மேலும் ஆர்ட்டின் ராஜா, ஜாக்கி இரண்டும் அந்த நிறத்தைக் கேட்டவருக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் உங்களிடம் இருக்கின்றன. அவர் போட்ட பிறகு நீங்கள் போடுவீர்கள். தடுத்து ஆடும்போது அவை பிடி தரும்; நீங்கள் இஸ்பேடில் ஆடினால் பெரிதாக உதவாது.

இரண்டாம் கையில் 5+4=9 துருப்பு. ஆர்ட்டின் ஒன்றே ஒன்று என்பதால் அவர்களிடம் 9 இருக்க வாய்ப்பு அதிகம். மொத்தம் 18 பிடி.
• 9–9: பாஸ் என்றால் −140, கேட்டால் +140.
• அவர்களுக்கு 10, உங்களுக்கு 8: பாஸ் −170, கேட்டால் −50, டபுள் வந்தாலும் −100.
• அவர்களுக்கு 8, உங்களுக்கு 10: பாஸ் +50, கேட்டால் +170.

மூன்று நிலையிலும் கேட்பதே மேல்.

எப்போதெல்லாம் பாஸ் சொல்லலாம்?

1. எதிரணியின் நிறத்தில் உங்களிடம் பெரிய சீட்டுகள் இருக்கும்போது. அவை தடுப்பதற்கு உதவுபவை.

2. ஜோடியின் நிறம் உங்களிடம் இல்லாமல், உங்கள் நிறம் அவரிடம் இல்லாதபோது. ‘சரியாயிடும்’ என்று மாறி மாறிக் கேட்டால் பள்ளம்தான் ஆழமாகும். எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறீர்களோ அவ்வளவு நல்லது.

3. எதிரணி ஐந்தாம் நிலைக்குப் போய்விட்டபோது. நீங்கள் 4 இஸ்பேடு, அவர்கள் 5 ஆர்ட்டின் என்றால், 5 இஸ்பேடுக்கு 11 பிடி தேவை. துருப்பு மிக நீளமாகவோ ஒரு நிறம் அறவே இல்லாமலோ இருந்தால் தவிர, அவர்களை அங்கேயே ஆடவிடுவதுதான் அனுபவசாலிகளின் பழக்கம்.

4. ஆரம்பத்திலேயே 3 அல்லது 4 என உயரமாகக் கேட்டு உங்கள் கையை மொத்தமாகச் சொல்லிவிட்டபோது. அதற்குப் பிறகு முடிவு ஜோடியுடையது. சொன்னதையே திரும்பச் சொல்லி ஏற்றக் கூடாது.

5. நீங்கள் வல்னரபிள், அதுவும் இணைப் போட்டியில். அங்கே அதே சீட்டை மற்ற மேசைகளில் ஆடியவர்களின் புள்ளியோடுதான் ஒப்பீடு. எதிரணியின் சின்ன ஒப்பந்தம் ஜெயித்தால் அவர்களுக்கு 110 அல்லது 140தான். அதைத் தடுக்கப் போய் டபுளில் ஒரு பிடி கவிழ்ந்து 200 கொடுத்தால், அந்தச் சீட்டில் கடைசி இடத்துக்குப் போய்விடலாம்.

பாஸ் சொன்ன பிறகு வேலை முடிந்ததா?

இனிதான் வேலை. ஒப்பந்தம் எடுத்தவரின் ஜோடி தன் 13 சீட்டையும் மேசையில் விரித்துவிடுவார். அதற்கு ‘டம்மி’ என்று பெயர். எடுத்தவர் தன் தரப்பின் 26 சீட்டையும் பார்த்து ஆடுவார். தடுப்பவர்களோ தன் கையையும் டம்மியையும் மட்டும் பார்த்து, ஜோடியிடம் என்ன இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். அதனால்தான் தடுத்து ஆடுவது பிரிட்ஜில் மிகக் கடினமான பகுதி என்கிறார்கள்.

ஆனால் முதல் சீட்டை இறக்கும் வாய்ப்பு தடுப்பவர்களுக்கே. சில பொது வழக்கங்கள்:
• ராஜா, ராணி, ஜாக்கி என்று வரிசையாக இருந்தால் மேலே உள்ளதை இறக்குவது.
• எதிரணி போதிய பலம் இல்லாமல், துருப்பு வெட்டை மட்டும் நம்பி மேலே கேட்டிருந்தால் துருப்பையே இறக்குவது. வெட்ட ஆள் இல்லாமல் போகும்.
• இரண்டாவதாகப் போடுபவர் சிறியது, மூன்றாவதாகப் போடுபவர் பெரியது.
• ஜோடி இறக்கிய நிறம் பிடித்திருந்தால் சற்றுப் பெரிய சீட்டு, இல்லையென்றால் சிறியது போட்டுச் சைகை காட்டுவது. இது எதிரணிக்கும் தெரிந்த, விதிக்கு உட்பட்ட சைகை.

முகபாவத்தில் காட்டினால்?

அது விதிமீறல். போட்டிகளில் ஏலம் வாயால் கேட்கப்படுவதில்லை. பெட்டியிலிருந்து அட்டை எடுத்து வைப்பார்கள். பாஸ் அட்டை பச்சை, டபுள் அட்டை சிவப்பு. நெடுநேரம் யோசித்துவிட்டு பாஸ் வைத்தால், ‘இவரிடம் ஏதோ இருக்கு’ என்று ஜோடிக்குத் தெரிந்துவிடும். அந்தத் தகவலை ஜோடி பயன்படுத்தினால் நடுவர் புள்ளியை மாற்றலாம். பெரிய போட்டிகளில் ஜோடிகளுக்கு நடுவே திரை போடுவதும் இதனால்தான்.

சீட்டு என்றாலே சூதாட்டமா?

1967-ல் ஆந்திர மாநில அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கில், செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியது பற்றி விசாரித்த உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. அப்போது ஒப்பிட எடுத்துக்கொண்டது பிரிட்ஜைத்தான். சீட்டைக் கலைத்துப் போடும் எந்த ஆட்டத்திலும் அதிர்ஷ்டத்துக்கு இடம் உண்டு. அதனாலேயே அது சூதாகிவிடாது என்பது அதன் சாரம். அதற்காகப் பணம் வைத்து ஆட அனுமதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2025-ல் வந்த மத்திய அரசின் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை விதிக்கிறது.

பிரிட்ஜில் ஓர் இரவு முழுக்க மோசமான சீட்டே வந்தவரும் ஜெயிக்க முடியும். எதிரணி ஒரு பிடி அதிகமாகக் கேட்கும் நேரம் எது என்று கண்டுபிடித்து, பச்சை அட்டையை வைத்துவிட்டு, அந்த ஒரு பிடியைத் தடுக்கத் தெரிந்தால் போதும்.