கரும்புள்ளி செம்புள்ளியும் ஒரு கைக்கடிகாரமும்

ஷாஃப்ஹவுசன்னு சொன்னா ரெண்டு விஷயம் ஞாபகத்துக்கு வரும். ஒண்ணு ரைன் அருவி, இன்னொண்ணு ஐடபிள்யூசி கைக்கடிகாரம். அருவியைப் பத்தி எல்லாரும் போட்டோவோட பதிவு போட்டுட்டாங்க. அதனால இந்தப் பதிவு கடிகாரத்தைப் பத்தி. இன்னும் சரியாச் சொன்னா, அந்தக் கம்பெனி அடிச்ச ஒரு ஜோக்கைப் பத்தி.

1868ல் பாஸ்டன்காரரான ஃப்ளோரன்டைன் அரியாஸ்டோ ஜோன்ஸ் இங்கே தொடங்கிய கம்பெனி அது. இரண்டு வருடம் முன்னால்தான் ஹைன்ரிஷ் மோசர் ரைனில் அணை கட்டியிருந்தார், எந்திரம் ஓட்ட ஆற்றின் சக்தி தயாராக இருந்தது. 1985ல் குர்ட் கிளாஸ் என்ற அவர்களது கைவினைஞர் வடிவமைத்த 'டாவின்சி' மாடல் பெரிய சாதனை. மாதத்துக்கு 30 நாளா 31ஆ, லீப் வருடமா என்பதையெல்லாம் பல்சக்கரங்களே கணக்கு பண்ணும். 2100 வரைக்கும் தேதியைக் கையால் திருத்த வேண்டியதில்லை. நேரம் காட்டுவதற்கு மேல் கடிகாரம் செய்கிற இந்த மாதிரி வேலைகளுக்கு அந்தத் தொழிலில் 'காம்ப்ளிகேஷன்' என்று பெயர்.

ஜோக் அங்கேதான் பிறந்தது. 2000ஐ ஒட்டிய வருடங்களில் இந்தக் கடிகாரத்துக்கு வந்த விளம்பரத்தின் சாரம் இது: கிட்டத்தட்ட ஒரு பெண்ணைப் போலச் சிக்கலானது, ஆனா நேரம் தவறாது. கம்பெனியின் பொதுவான விளம்பர வாசகமோ '1868லிருந்து, ஆண்கள் இருக்கும் வரை' என்கிற ரகம்.

"அட, சும்மா ஒரு கடி ஜோக்குப்பா"ன்னு நீங்க சொல்றது கேக்குது :-) கடி ஜோக்தான். ஆனா தொழில்நுட்பச் சொல் ஒன்றை எடுத்து, அதன் இரட்டை அர்த்தத்தில் பெண்ணை இடிப்பது என்ற உத்தியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க. கலிஃபோர்னியாவில் இதே உத்தி திரும்ப வரும். அதுக்கு முன்னால இந்த நாட்டின் சிரிப்பு வரலாறு கொஞ்சம்.

1959 பிப்ரவரி 1. சுவிஸ் பெண்களுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று ஆண்கள் மட்டும் ஓட்டுப் போட்டார்கள். 67 சதவீதம் 'வேண்டாம்'. ஷாஃப்ஹவுசன் ஆண்களும் 'வேண்டாம்' பக்கம்தான். (இங்கே பெண்களுக்கு ஓட்டு 1971ல் வந்தது. நம்ம பாட்டிகள் 1952லேயே சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் மை வச்சுக்கிட்டவங்க!) அந்த ஓட்டெடுப்புக்கு முந்தின வருடம், வக்கீல் இரிஸ் ஃபான் ரோட்டன் பெண்களின் நிலை பற்றி 500 பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். தோல்விக்கு அந்தப் புத்தகமே காரணம் என்று பழி விழுந்தது. பெண்கள் அமைப்புகளின் கூட்டமைப்பே அவரிடமிருந்து ஒதுங்கிக்கொண்டது. ஓட்டெடுப்பு முடிந்து இரண்டே வாரத்தில் பாசல் ஃபாஸ்நாக்ட் திருவிழா. முகமூடி, பாட்டு, நையாண்டி எல்லாம் சேர்ந்த அந்தக் கூத்தில் ஊரே அவரை வைத்துச் சிரித்தது. அதற்கப்புறம் பெண்ணுரிமை எழுத்தை விட்டுவிட்டார். பயணம் போனார், பூக்களை ஓவியமாக வரைந்தார். 1990ல் இறந்தார், புத்தகம் 1991ல் மறுபதிப்பு வந்தது.

ஊர் கூடிச் சிரிச்சா ஒரு ஆள் வாயை மூடிடுவாங்க என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேணும்?

இப்போ கலிஃபோர்னியா. 2013 மார்ச் 17, சான்டா கிளாராவில் பைத்தான் நிரலாளர்களின் பைகான் மாநாடு. மேடையில் பேச்சு நடக்கும்போது பின்வரிசையில் இரண்டு ஆண்கள் தங்களுக்குள் ஜோக் அடிக்கிறார்கள். 'டாங்கிள்' (கணினியில் செருகுகிற குட்டிச் சாதனம்), 'ஃபோர்க்' (ஒருவரின் நிரலைப் பிரதியெடுத்துத் தனிக்கிளையாக வளர்ப்பது) என்ற தொழில் வார்த்தைகளை வைத்து இரட்டை அர்த்தம். அதான் சொன்னேனே, அதே உத்தி! முன்வரிசையில் இருந்த பெண் நிரலாளர் திரும்பி அவர்களைப் படம் எடுத்து, ட்விட்டரில் போட்டார். மாநாட்டுக்காரர்கள் அன்றே அந்த ஆண்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள், மன்னிப்பும் கேட்டாச்சு. அங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

முடியல. படம் ஊரெல்லாம் சுற்றி, இருவரில் ஒருவருக்கு வேலை போச்சு. அது தெரிந்ததும் இன்னொரு கூட்டம் அந்தப் பெண் மேல் பாய்ந்தது. கொலை மிரட்டல், பலாத்கார மிரட்டல். அவர் வேலை பார்த்த கம்பெனியின் சர்வர்களைத் தாக்கி முடக்கினார்கள். கடைசியில் அந்தக் கம்பெனி அவரையும் வேலையை விட்டு அனுப்பியது. ஒரு மொக்கை ஜோக்குக்கு இரண்டு வேலை.

நம்ம ஊர்ல 'கரும்புள்ளி செம்புள்ளி குத்தி கழுதை மேல ஏத்தணும்'னு இன்னும் வாய் தவறாமச் சொல்றோம். ஜெர்மன் மொழியிலும் 'பிராங்கரில் நிறுத்துவது' என்று ஒரு வழக்கு உயிரோடு இருக்கிறது. பிராங்கர் என்பது சந்தையில் ஆளைக் கட்டி வைக்கிற தூண். கொடுமைதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் அதற்குக்கூட ஒரு அளவு இருந்தது. இத்தனை மணி நேரம் என்று தீர்ப்பு, அப்புறம் அவிழ்த்து விடுவார்கள். இணையத் தூணில் அவிழ்த்து விட ஆள் கிடையாது. கல் எறிய வந்த கூட்டம் நீதி கேட்டு வந்ததும் கிடையாது, அடுத்து யார் கிடைத்தாலும் எறியும். ஃபாஸ்நாக்ட் கூட்டமும் இந்தக் கூட்டமும் எனக்கு ஒரே கூட்டமாகத்தான் தெரியுது.

அப்போ பெண்கள் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காரணுமா? இல்லவே இல்லை. அதே 2013ல் இந்தியாவில் வந்த சட்டத்தைப் பாருங்க. 1992ல் ராஜஸ்தானில் பன்வாரி தேவிக்கு நடந்த கொடுமை, 1997ல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு, அதன் பிறகு 16 வருடம் கழித்துப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். பாலியல் சாயல் கொண்ட பேச்சும் அதில் துன்புறுத்தல்தான். வேலை நிமித்தம் போகிற இடமும் பணியிடம்தான், அதனால் கம்பெனி அனுப்பிய மாநாடும் உள்ளே வரும். 10 பேர் வேலை செய்தால் விசாரணைக் குழு கட்டாயம். தலைமை பெண், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருவர், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும்.

எனக்கு முக்கியமாப் படுவது 16ஆம் பிரிவு. புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர், சாட்சி, யார் அடையாளத்தையும் வெளியிடக்கூடாது. நீதி கிடைத்த செய்தியைப் பெயரில்லாமல் சொல்லலாம். அதாவது தண்டனை உண்டு, தூண் கிடையாது.

இந்தப் பிரிவே கம்பளமாகி, எல்லாக் குப்பையும் அடியில் போகும் ஆபத்தும் இருக்கு. குழு பெயருக்கு இருந்து, புகார் மாதக்கணக்கில் தூங்கினால், அந்தப் பெண் தெருவுக்கு வந்து பெயரைச் சொல்வதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது. கதவு திறக்காத வீட்டில்தான் ஜன்னலை உடைக்கிறார்கள். அதனால் அடுத்த முறை 'இவங்க ஏன் ட்விட்டர்ல போட்டாங்க'ன்னு கேக்கறதுக்கு முன்னாடி, 'அவங்க போய்ச் சொல்ல அங்கே யார் இருந்தாங்க'ன்னு கேப்போம்.

அந்தக் கடிகாரக் கம்பெனி 2014ல் பெண்களுக்கும் பொருந்துகிற அளவில் போர்ட்டோஃபினோ கடிகாரம் கொண்டுவந்தது. பெண்களிடமும் காசு இருக்குன்னு புரிஞ்சுடுச்சு போல :-)

டிஸ்கி: சட்டம் பற்றி எழுதியதில் பிழை இருந்தா வக்கீல் பதிவர்கள் பின்னூட்டத்தில் குட்டலாம். உங்க அலுவலகக் குழுவில் யார் யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? அதையும் சொல்லிட்டுப் போங்க.