ரோமாபுரிக்கு மறுத்துச் சொன்னவர்கள்

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைகிறவர்கள் ஒரு கணம் நின்று பார்ப்பது அங்கே பதிந்திருக்கும் ஒரு கல்லை. இரட்டைக் கயல் பொறித்த அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பெரியவர்களும் உண்டு. 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினான். அன்று முதல் நம் சனங்களின் மனத்தில் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது: போர்த்துக்கேய மன்னனும் பாப்பரசரும் ஒன்று, ஒருவர் சொல்ல மற்றவர் செய்தார். சைவர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள், கத்தோலிக்கர்களில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

அது உண்மையல்ல. இந்தக் கோட்டை எழும்புவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1622 ஜூனில், பதினைந்தாம் கிரகோரிப் பாப்பரசர் ரோமாபுரியில் விசுவாசப் பரப்புச் சபையை நிறுவியிருந்தார். மறைபரப்பை மன்னர்களின் பிடியிலிருந்து மீட்டுத் திருச்சபையின் கையில் வைத்துக்கொள்வதே அதன் நோக்கம். போர்த்துக்கேய அரசு அதை விரோதமாகவே பார்த்தது. கிழக்கு நாடுகளில் கோயில் கட்டவும் குருமாரை அனுப்பவும் ஆயர்களுக்குப் படியளக்கவும் செலவு செய்பவர் மன்னர். ஆகவே ஆயர்களைத் தெரிவு செய்வதும் மன்னரின் உரிமை. முந்திய பாப்பரசர்களே எழுதிக் கொடுத்த உரிமை அது. பத்ரோவாதோ என்று பெயர். கொச்சி ஆயரின் கீழ் இலங்கை இருந்ததும், கொச்சி ஆயரைப் போர்த்துக்கல் மன்னர் நியமித்ததும் இந்த ஏற்பாட்டின்படிதான். ரோம் நேரடியாக அனுப்பிய குருமாரைப் போர்த்துக்கேய அதிகாரிகள் பல இடங்களில் தடுத்தார்கள். செபமாலையை இடுப்பில் கட்டிக்கொண்ட அதே அதிகாரிகள்தான்.

கத்தோலிக்க அரசியல்வாதி பாப்பரசருக்கு மாறாக நின்றார் என்பதை ஏதோ நம் காலத்துப் புதுமை என்று எண்ணுகிறவர்களுக்காகவே இவ்வளவும் சொல்கிறேன். நம் துறைமுகத்துக்கு வேதம் வந்த கப்பலிலேயே அந்தப் பிணக்கும் வந்திறங்கியது.

ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டபோது, அதைக் காத்தவர்கள் ஐரோப்பியர் அல்லர். கோவாவிலிருந்து கொங்கணிக் குருமார் வந்தார்கள். 1687இல் யோசேப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து, திருமலை, மட்டக்களப்பு வரை நடந்து திரிந்தார். யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இந்தத் தீவில் பூசை வைத்ததும் பாவசங்கீர்த்தனம் கேட்டதும் கறுத்த நிறத்துக் குருமார்தான். இதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் அடுத்து வருவது விளங்கும்.

1834இல் போர்த்துக்கலின் புதிய அரசு தன் நாட்டுத் துறவற சபைகளைக் கலைத்தது. அதே வருடம் இலங்கையைக் கொச்சியிலிருந்து பிரித்துத் தனி ஆட்சிப் பகுதியாக்கினார் பாப்பரசர். பிறகு இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் வந்தார்கள். 1847 முதல் அமலமரித் தியாகிகள் சபையினர் வடக்கில் காலூன்றினார்கள். திருமலை யாழ்ப்பாணத்தின் கீழ் வந்தது. ஆனாலும் கொழும்பு, நீர்கொழும்பு, மன்னார்ப் பக்கங்களில் சில கோயில்கள் கோவாவின் அதிகாரத்தையே ஏற்று இருந்தன. ஒரே ஊரில் இரண்டு கட்சி.

1886 ஜூன் 23ஆந் திகதி பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசரும் போர்த்துக்கல் மன்னர் லூயிசும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். கோவா, தாமன், கொச்சி, மயிலாப்பூர் மறைமாவட்டங்கள் போர்த்துக்கலின் ஆதரவில் நீடிக்கும். இலங்கை முற்றாக விலகும். மயிலாப்பூர் சாந்தோமில் போர்த்துக்கேய ஆயர் 1950கள் வரை இருந்தார். இலங்கையின் கோவாக் கோயில்களோ இந்தத் தீவின் பிரெஞ்சு, இத்தாலிய ஆயர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இலங்கையில் அதன் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன், அதே பாப்பரசர் அதே வருடங்களில் ஐரோப்பாவில் சந்தித்த மறுப்புகளைப் பார்த்துவிட்டு வருவோம்.

ஜெர்மனியில் லுட்விக் விண்ட்தோர்ஸ்ட் என்றொரு தலைவர். மிகக் குள்ளமான உருவம், மங்கிய பார்வை. ஆனால் ஆட்சித்தலைவர் பிஸ்மார்க் அஞ்சிய நாவு. இயேசு சபையை நாடுகடத்தி, ஆயர்களைச் சிறையிலிட்டு, திருச்சபையை நசுக்கப் பார்த்த பிஸ்மார்க்கைப் பாராளுமன்றத்தில் பத்து வருடத்துக்கு மேல் எதிர்த்து நின்றவர் அவர். அப்படிப்பட்டவருக்கு 1887 ஜனவரியில் ரோமிலிருந்து விருப்பம் ஒன்று வந்தது: பிஸ்மார்க்கின் ஏழு வருட இராணுவச் செலவுச் சட்டத்துக்கு அவருடைய சென்டர் கட்சி ஆதரவாக வாக்களிக்க வேண்டும். பிஸ்மார்க்கோடு சமாதானமாகி, திருச்சபைக்கு எதிரான மிச்சச் சட்டங்களையும் நீக்கிக்கொள்ளலாம் என்பது பாப்பரசரின் கணக்கு. கட்சி இணங்கவில்லை. பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. தேர்தல் நடுவே ரோமின் கடிதத்தைப் பிஸ்மார்க் பத்திரிகைகளுக்குக் கசியவிட்டார். கத்தோலிக்க வாக்காளர் கட்சியைக் கைவிடுவார்கள் என்று நினைத்திருப்பார்.

பெப்ரவரி 6ஆந் திகதி கோல்ன் நகரின் குர்ட்சனிக் மண்டபத்தில் விண்ட்தோர்ஸ்ட் பேசினார். பாப்பரசரை ஒரு சொல்லாலும் குறைத்துப் பேசவில்லை. நம் கட்சி நிலைத்திருக்க வேண்டும் என்று திருத்தந்தையே விரும்புகிறார், அந்தக் கடிதத்திலேயே அது இருக்கிறது என்றார். விசுவாசக் காரியங்களில் அவர் சொல்வதே சட்டம். இராணுவச் செலவு போன்ற இலௌகீகக் காரியங்களில் கட்சி தானே முடிவெடுக்கும் என்ற நிலையில் உறுதியாக நின்றார். அந்த மாதத் தேர்தலில் கட்சியின் பலம் குன்றவில்லை. விண்ட்தோர்ஸ்டை யாரும் சபைநீக்கம் செய்யவுமில்லை. என்னைக் கேட்டால், கத்தோலிக்க அரசியல் வரலாற்றில் இதைவிட நேர்மையான கீழ்ப்படிதலும் இதைவிட நேர்மையான மறுப்பும் ஒரே மேடையில் நின்றதில்லை.

மறு வருடம் அயர்லாந்து. நியாயமான வாடகையை நிலச்சுவாந்தார் ஏற்க மறுத்தால், குத்தகைக்காரர்கள் அந்தப் பணத்தைப் பொது நிதியில் சேர்த்துவைத்துப் போராடுவது என்றொரு இயக்கம் 1886 முதல் நடந்துவந்தது. அதை விசாரிக்க ரோம் அனுப்பியவர் பேராயர் பெர்சிக்கோ. இந்தப் பெயர் நம் கதைக்கு அந்நியமல்ல. பம்பாயில் கோவாப் பிணக்கு முற்றியிருந்த 1853இல் ரோமுக்கும் இலண்டனுக்கும் தூது போனவர் அவர். 1870களில் கேரளத்துச் சுரியானிப் பிணக்கை ஆராய வந்தவரும் அவரே. 1888 ஏப்ரலில் அந்த இயக்கமும் பகிஷ்காரமும் தவறு என்று ரோம் தீர்ப்பளித்தது. பெர்சிக்கோவே தாம் பரிந்துரைத்தது அதுவல்ல என்று இங்கிலாந்தின் கர்தினால் மானிங்குக்கு எழுதி வருந்தினார். மே மாதம் ஐரிஷ் கத்தோலிக்க எம்.பி.க்கள் டப்ளின் நகர முதல்வர் மாளிகையில் கூடி, அயர்லாந்தின் அரசியலை நடத்துவதில் தலையிட ரோமுக்கு உரிமை இல்லை என்று தீர்மானம் போட்டார்கள். கூட்டம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் பூசைக்குப் போனவர்கள்தான் அவர்கள்.

பிரான்சிலும் இதே கதை, ஆனால் தலைகீழாக. 1892 பெப்ரவரியில் பாப்பரசர் குடியரசை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பிரெஞ்சுக் கத்தோலிக்கரைக் கேட்டார். கத்தோலிக்க அரசியல் தலைவர் அல்பேர் டி முன் கீழ்ப்படிந்தார். முடியாட்சிக் கட்சியினர் பலர் மறுத்துவிட்டார்கள். இங்கே என் மனம் பாப்பரசரின் பக்கம்தான். மறுப்பவர் எல்லோரும் முற்போக்கு என்றோ ரோம் எப்போதும் பிற்போக்கு என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி கொழும்புக்கு வருவோம்.

கொழும்பில் லிஸ்போவா பின்டோ என்ற கோவா வைத்தியர் இருந்தார். 1886 உடன்படிக்கையை எதிர்த்துப் பத்ரோவாதோக் கட்சியைத் திரட்டியவர் அவர். விண்ணப்பங்கள் போயின. பயனில்லை. கோவாவில் பேராயரோடு முரண்பட்டுச் சபைநீக்கம் பெற்றிருந்த அல்வாரிஸ் என்ற குருவானவர் இவர்களோடு சேர்ந்தார். 1889 ஜூலை 28ஆந் திகதி கோட்டயம் பழைய செமினாரியில், ரோமோடு இணையாத சுரியானி ஆயர்கள் அல்வாரிசை ஆயராக அபிஷேகம் செய்தார்கள். அந்தியோக்கியா மறைமுதல்வரின் அனுமதியோடு நடந்தது அது. இலத்தீன் வழிபாடு மாறாமல், ரோமின் ஆட்சி மட்டும் இல்லாத ஒரு திருச்சபை இலங்கையில் தோன்றியது. புதுக்கடை ஹல்ஸ்டோர்ப்பின் நல்மரண மாதா கோயிலும் மன்னார்ப் பறப்பாங்கண்டலும் அதில் சேர்ந்தன. 1892 மே மாதம் ஹல்ஸ்டோர்ப்பில் அமெரிக்காவிலிருந்து வந்த வில்லாட் என்பவருக்கு ஆயர் அபிஷேகம்கூட நடந்தது.

பின்டோவை வெறும் பிடிவாதக்காரர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 1893 செப்டெம்பரில் கொழும்பு கேவ் அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதிலிருந்து பிறந்த அச்சுத் தொழிலாளர் சங்கம் இலங்கையின் முதல் தொழிற்சங்கம். அதன் தலைவர் இதே லிஸ்போவா பின்டோ. தொழிலாளர் ஒன்றுசேரும் உரிமையை ஆதரித்துச் சிங்கராயர் பாப்பரசர் தம் புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டது 1891 மே மாதத்தில். பாப்பரசரின் ஆட்சியை உதறிய மனிதர், பாப்பரசர் சொன்ன நீதியை இந்தத் தீவில் முதலில் செய்துகாட்டினார். அதைப் பின்டோ அந்த மடலைப் பார்த்துச் செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன என்பதே போதுமான செய்தி.

பின்டோ எங்கே பிழைவிட்டார்? விண்ட்தோர்ஸ்டின் மறுப்பு வாக்குச் சீட்டோடு நின்றது. ஐரிஷ்காரரின் மறுப்பு குத்தகைப் பணத்தோடு நின்றது. பின்டோவின் மறுப்போ பலிபீடத்துக்குள் போனது. ஆயரைத் தாமே உண்டாக்கிக்கொண்ட பிறகு அது அரசியல் முரண்பாடு அல்ல, பிரிவினை. அந்தத் திருச்சபை இங்கே மெல்ல மெல்லக் கரைந்து மறைந்தது. ஆனால் பிழை முழுவதையும் அந்த மக்கள் தலையில் கட்டுவது அநியாயம். தங்களை ஞானஸ்நானம் முதல் அடக்கம் வரை பார்த்துக்கொண்ட குருமாரை ஒரு கையெழுத்தில் இழந்தவர்கள் அவர்கள். ஒரு மன்னரும் ஒரு பாப்பரசரும் மேசையில் முடித்த அரசியலுக்குச் சாதாரண பங்குமக்கள் விலை கொடுத்தார்கள்.

இந்தக் கொந்தளிப்பின் நடுவேதான் நம் மறைமாவட்டம் பிறந்தது. 1893 ஓகஸ்ட் 25ஆந் திகதி சிங்கராயர் பாப்பரசர் திருகோணமலையை யாழ்ப்பாணத்திலிருந்து பிரித்துத் தனி மறைமாவட்டமாக்கினார். மட்டக்களப்பும் அதற்குள் அடக்கம். பொறுப்பு பிரான்சின் ஷம்பாஞ் மாகாணத்து இயேசு சபையினரிடம் போனது. 1880இல் பிரெஞ்சுக் குடியரசு அவர்களுடைய இல்லங்களிலிருந்து வெளியேற்றிய அதே சபை. குடியரசை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பாப்பரசர் கேட்டபோது, அந்தக் குடியரசிடம் மிக அதிகமாக அடிபட்டவர்கள் இவர்கள்.

1898இல் முதல் ஆயராக வந்தவர் சார்ள்ஸ் லவீன் ஆண்டகை. அவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கவனியுங்கள். 1887 முதல் கோட்டயத்தில் சுரியானிக் கத்தோலிக்கரின் ஆட்சியாளராக இருந்தவர். அல்வாரிசின் அபிஷேகம் நடந்தது அவர் இருந்த ஊரில், அவர் இருந்த காலத்தில். அங்கே சுரியானிக் கத்தோலிக்கர், எங்கள் சொந்த வழிபாட்டு முறையில் எங்கள் சொந்த ஆயர் வேண்டும் என்று ரோமைச் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பிரிந்து போகவில்லை. வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. 1896இல் ரோம் இணங்கி மூன்று மலையாளி ஆயர்களை நியமித்தது. லவீன் இடம்விட்டார். அந்த லவீன்தான் நம்மிடம் வந்தார்.

பள்ளிக்கூடங்களும் கோயில்களும் இயேசு சபையினர் கையில் வளர்ந்ததை நன்றியோடு சொல்ல வேண்டும். 1867இல் தொடங்கியிருந்த புனித சூசையப்பர் கல்லூரியில் படித்த இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அதற்குச் சாட்சி. ஆனால் லவீனுக்குப் பின் ரோபிஷே என்ற பிரெஞ்சுக்காரர், 1947இல் கிளெனி என்ற அமெரிக்கர் என்றுதான் ஆயர் வரிசை போனது. யாழ்ப்பாணத்துக்கு 1950இலேயே எமிலியானுஸ்பிள்ளை ஆண்டகை கிடைத்தார். கோட்டயத்து மக்கள் 1896இல் வாதாடிப் பெற்றது, லியோ இராஜேந்திரம் அந்தோனி ஆண்டகை நியமிக்கப்பட்ட 1974இல்தான் திருமலைக்குக் கிடைத்தது.

அடுத்த வாரம்: 1960இல் அரசு பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்றபோது கத்தோலிக்கப் பெற்றோர் வகுப்பறைகளுக்குள் குடியேறியதும், பம்பாய்க் கர்தினால் கிராசியஸ் வந்து சமரசம் சொன்னதும்.

(தொடரும்)