லிஃப்ட் பொத்தானில் ஆறு புள்ளிகள்

அடுத்த முறை ஏ பிளாக் லிஃப்டில் ஏறும்போது மூன்றாம் மாடிப் பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாக ஆறு தட்டுப்படும். முதல் நான்கும் 'இனி வருவது எண்' என்பதற்கான குறி. பின்னால் வரும் இரண்டுதான் 3. பதினோரு வருடமாக அதே லிஃப்டில் போய்வருகிறேன். போன மாதம்தான் எண்ணிப் பார்த்தேன்.

1780களில் பாரிஸில் பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய வாலன்டின் ஹாவி, சாதாரண எழுத்துகளையே தாளில் மேடாக அச்சிட்டுக் கொடுத்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் படிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிள்ளைகள் தாங்களாக எழுதவும் வழியில்லை. அந்தப் பள்ளியில் பின்னாளில் படித்தவர் லூயி பிரெயில். குதிரைச் சேணம் செய்பவரின் மகன். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் குத்தூசி கண்ணில் பட்டு, பிறகு இரண்டு கண்ணும் போயின. ஷார்ல் பார்பியே என்பவரின் பன்னிரண்டு புள்ளி முறையை, ஒரே விரல் நுனிக்குள் அடங்கும்படி அவர் ஆறாகக் குறைத்தார். அது 1824, அவருக்கு வயது 15. 1852இல் அவர் இறந்துபோனார். பிரான்ஸ் அதிகாரபூர்வமாக அதை ஏற்றுக்கொண்டது 1854இல்! கோப்பு நகரும் வேகம் அங்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

நம் நாட்டில் பல பிரெயில் முறைகள் இருந்தன. 1951இல் பாரதி பிரெயில் வந்து அவற்றை ஒன்றாக்கியது. 'க' என்றால் தமிழிலும் இந்தியிலும் ஒரே புள்ளிகள்தான். லிஃப்டில் பிரெயிலும் ஒலிக்குறிப்பும் வேண்டும் என்று சொன்னது 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் 46ஆம் பிரிவு. ஆனால் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்று ஒரு வாலும் சேர்த்திருந்தார்கள். வங்கியில் சுற்றறிக்கை படித்தே காலம் தள்ளியவனுக்கு அதன் அர்த்தம் தெரியும்: செய்யாமலும் இருக்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் கறாரானது. விதிப்படி இல்லாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியே கூடாது என்கிறது.

இதையெல்லாம் இப்போது தோண்டக் காரணம் உண்டு. ஏ பிளாக் லிஃப்டைப் புதுப்பிக்க வந்திருக்கும் மூன்று கொட்டேஷன்களிலும் இருப்பது தொடுபலகை. பார்க்க அழகுதான், கண்ணாடி மாதிரி வழவழவென்று. இரண்டாம் மாடிப் பெரியவருக்குக் கண்நீர் அழுத்த நோயால் பார்வை போய் நான்கு வருடமாகிறது. அவருக்குப் பிரெயில் தெரியாது. அறுபதுக்கு மேல் பார்வை போனவர்களில் எத்தனை பேர் அதைக் கற்றுக்கொள்கிறார்கள்? அவர் தடவிப் பார்ப்பது பொத்தானில் மேடாக இருக்கும் '2' என்ற எண்ணை. புத்தகத்துக்குச் சரிப்படாத ஹாவியின் வழி, ஒற்றை எண்ணுக்குப் போதுமானதாக இருக்கிறது. புதுப் பலகையைப் பற்றி அவரிடம் சொன்னேன். "ரெண்டு எங்கேன்னு நான் தேடுறதுக்குள்ளே எல்லா மாடியும் அமுங்கிடுமே சார்" என்றார்.

அழுத்துகிற பொத்தான், மேடான எண், பிரெயில், மாடியைச் சொல்லும் குரல் ஆகிய நான்கும் சேர்த்து விலை கேட்டு நான்காவதாக ஒரு கொட்டேஷனுக்குச் சொல்லியிருக்கிறேன். பொதுக்குழுவுக்கு முன் வந்துவிடும். அதைப் பார்க்காமல் கை தூக்கிவிடாதீர்கள்.